அப்பாவுக்கும் மூன்று ஷிப்ட்

என் அப்பா ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறிப் போச்சம்பள்ளிக்குப் போய்விட்டார்.

அது அவருடைய கம்பெனியும் இல்லை, அவருடைய பஸ்ஸும் இல்லை. அவர் ரிட்டயர் ஆகியே பல வருஷம் ஆகிறது. ஓசூரில் எங்கள் தெருமுனையில், சர்வீஸ் ரோட்டோரம், பழைய நீல யூனிஃபார்ம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் காலி டிபன் பாக்ஸோடு நின்றிருக்கிறார். வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? முப்பது வருஷம் பஸ் ஏறிய மனுஷன். அவர் ஏறுகிற தோரணையைப் பார்த்தால் டிரைவரே எழுந்து நிற்பார். பக்கத்துச் சீட்டுப் பெண்கள் இவரைப் புதிதாக வந்த ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் என்று நினைத்துக் கடலைமிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். இவரும் வாங்கித் தின்றுவிட்டு, அங்கே இறங்கி, வரிசையில் நின்று, கேட் வரைக்கும் போயிருக்கிறார்.

கேட்டில்தான் மாட்டினார். சட்டைப்பையில் நான் எழுதி வைத்திருந்த போன் நம்பரைப் பார்த்து அங்கிருந்த செக்யூரிட்டி கூப்பிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் தெரிந்தவரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓடினோம். வழியெல்லாம் அழுதுகொண்டேதான் போனேன். போய்ப் பார்த்தால், அப்பா செக்யூரிட்டி ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் நேரத்தைச் சரியாக எழுதவில்லை என்று அந்த செக்யூரிட்டியை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். அழுத முகத்தோடு அங்கேயே நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு திட்டவும் திட்டினேன்.

"எதுக்குப்பா இப்படிக் கெளம்பிக் கெளம்பிப் போற?"

"அங்க ஒருத்தன் நின்னுக்கிட்டு இருப்பான் மேடம்," என்றார். மேடம் என்பது நான்தான். ஒரு வருஷமாக நான் மகள் இல்லை, மேடம். "நான் போனாத்தானே அவன் வீட்டுக்குப் போவான்?"

ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்ற பிறகுதான் நாம் இடத்தை விட்டு நகர முடியும். அவன் வராவிட்டால் நம் பாடு திண்டாட்டம்தான். அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நாள்கூட ரிலீவராக லேட்டாகப் போனதில்லை. மனைவி இறந்தது மறந்துவிட்டது, மகள் பெயர் மறந்துவிட்டது, அந்த ஆள் காத்திருப்பது மட்டும் மறக்கவில்லை. பொழுது சாயச் சாய அவர் கண்ணில் ஒரு தவிப்பு வரும் பாருங்கள், அதைப் பார்க்க என்னால் முடியாது.

மறுநாளே நாகரசம்பட்டியிலிருந்து அண்ணன் வந்துவிட்டான். கையில் ஒரு பூட்டு. தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது.

"பாப்பா, இது வெளையாட்டு இல்ல. லாரி போற ரோடு. கேட்டுக்கு இதைப் போடு. பகலும் போடு, ராத்திரியும் போடு."

"எங்கப்பாவை வெச்சுப் பூட்டறதுக்கு அவர் என்ன ஆடா மாடா?"

"எனக்கும் அவர் அப்பாதான்."

அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவன் மாந்தோப்பில் ஆரம்பித்து அவன் மாமியார் வரைக்கும் இழுத்துவிட்டேன். கடைசியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பேச்சுக்கு வந்தோம். எனக்கு இரண்டு மாசம் தவணை. அதற்குள் அப்பா இன்னொரு தடவை பஸ் ஏறினால் கேட்டுக்குப் பூட்டு. ஏறாவிட்டால் பூட்டு அவனோடு ஊருக்குத் திரும்பிவிடும். பூட்டைக் கேட் பக்கத்து ஆணியில் என் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிட்டு, சாவியைத் தன் வண்டிச் சாவியோடு கோத்துக்கொண்டு போனான்.

நான் நேராக டாக்டரிடம் ஓடினேன். அவர்தான் வெளிச்ச வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். இந்த மறதி வியாதி வந்தவர்களுக்கு உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் தளர்ந்துபோகிறதாம். பகலில் தூங்கி வழிகிறார்கள், பொழுது சாய்ந்தால் தவித்துப்போகிறார்கள். காலையில் தினமும் ஒரே நேரத்தில், அரை மணி நேரம், நல்ல பிரகாசமான வெள்ளை விளக்கு முன்னால் உட்கார வைத்தால் அந்தக் கடிகாரத்துக்குக் கொஞ்சம் சாவி கொடுத்த மாதிரி. விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், முகத்தில் பட்டால் போதும்.

"மறந்தது திரும்பி வரும்னு நான் சொல்லல. ராத்திரி தூங்கலாம், சாயங்காலம் கொஞ்சம் அமைதியா இருக்கலாம். எல்லாருக்கும் வேலை செய்யும்னும் சொல்ல முடியாது. கண்ணை ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க," என்றார்.

கண்ணைக் காட்டினோம், சரி என்றார்கள். விளக்குக்கு ஆர்டர் போட்டோம், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பொறுக்குமா? அவர் தளி ரோட்டில் ஒரு பூப்பண்ணையில் எலக்ட்ரீஷியன். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் செடிகளுக்குப் போடுகிற விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "பூவே வளருதும்மா இதுல, மாமா வளர மாட்டாரா?" என்று பெருமை வேறு. சுவிட்ச் போட்டோம். வீடே கத்தரிக்காய் நிறம் ஆகிவிட்டது. அப்பா கத்தரிக்காய், நான் கத்தரிக்காய், தட்டில் இருந்த இட்லி கத்தரிக்காய். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஐயோ தேவுடா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம். பயம் வந்தால் தெலுங்கு.

அப்பா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்த வெளிச்சத்துல என்னத்தைச் செக் பண்றது மேடம்? துரு தெரியாது, கீறல் தெரியாது. வெள்ளை லைட் போடச் சொல்லுங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பா பார்த்த வேலை ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். மேஜை மேல் வெள்ளை விளக்கு, அதன் கீழே பாகங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நல்லதைப் பச்சை டிரேயில் போடுவார், கெட்டதைச் சிவப்புப் பெட்டியில் போடுவார். அவருக்கு விளக்கு என்றால் சும்மா உட்காருகிற இடம் இல்லை, வேலை செய்கிற இடம்.

டாக்டர் சொன்ன விளக்கு வந்ததும் நான் நடுவீட்டில் மேஜை போட்டேன். விளக்கைக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக வைத்தேன். பச்சைக்கு ஒரு பேசின், சிவப்புக்குக் குளியலறை வாளி. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பை நிறைய நட்டும் வாஷரும் வாங்கி வந்து கொட்டினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். முதல் நட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். அரை மணி நேரம் ஆடவில்லை, அசையவில்லை. அந்த முகத்தில் வெளிச்சம் விழுவதை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

நானும் கம்பெனியில் ஷிப்ட்தான். ஒரு வாரம் காலை ஆறு மணி, ஒரு வாரம் மதியம் இரண்டு மணி, ஒரு வாரம் இரவு. காலை ஷிப்ட் வாரத்தில் நான் வீடு திரும்ப மூன்று மணி ஆகும். அதனால் அப்பாவுக்கு நாலு மணிக்கு விளக்கு போட்டேன். மதிய ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்குப் போட்டேன். இரவு ஷிப்ட் வாரத்தில் நான் பகலில் தூங்கி எழுந்து, கிளம்புவதற்கு முன்னால் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன். மறக்காமல் இருக்கக் கம்பெனி மாதிரியே ஒரு செக் ஷீட் வரைந்து சுவரில் ஒட்டி, தினமும் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். ஒரு நாள் விடவில்லை. ஒரு நாள்கூட! அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

அப்பா ஒரு வாரம் தங்கமாக இருந்தார். ஒரு வாரம் சுமாராக இருந்தார். ஒரு வாரம் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விடிய விடியச் சுறுசுறுப்பாக இருந்தார். காலையில் நான் வேலை முடிந்து வந்தால் என் வீட்டுக்காரர் கண்ணெல்லாம் மிளகாய்ப்பழமாக உட்கார்ந்திருப்பார். "மாமா ராத்திரி எனக்கு டிரெயினிங் கொடுத்தாரும்மா," என்பார். பாவம், நான் அதற்கும் சிரித்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம், விளக்கு முன்னால் அரை மணி உட்கார்ந்து எழுந்த தெம்போடு, நான் தலை சீவிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு அக்கா மட்டும் பார்க்காமல் இருந்தால் கதை முடிந்திருக்கும். "ஆபண்டி! பஸ் ஆபண்டி!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டு, அரைத்த மாவுக் கையோடு தெருமுனைக்கு ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். சட்டையெல்லாம் உளுந்து மாவு. பஸ்ஸில் இருந்த பெண்பிள்ளைகளெல்லாம் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். அப்பாவும் பதிலுக்குக் கையாட்டினார்.

"ரெண்டு காலும் வெச்சாத்தான்க்கா ஏறினது," என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன். "எங்கண்ணன் கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"ஒக்க காலு கணக்குலயே இல்ல, நான் சொல்றேன் போ," என்றார் அக்கா.

ஆனால் கேட் பக்கம் திரும்பினால் ஆணியில் பூட்டு. எனக்குள் பயம் வந்துவிட்டது. மறுநாளே செக் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். வைத்தியம் பலிக்கவில்லை, இத்தனை ஒழுங்காகச் செய்தும் பலிக்கவில்லை என்று சண்டை போடத்தான் போனேன். அவர் தாளை விரித்துப் பார்த்தார். முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று நான் கலர் பேனாவில் எழுதியிருந்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, உங்கப்பா ரிட்டயர் ஆயிட்டாரா இல்லையா?"

"ஆயிட்டாருங்க."

"அப்புறம் எதுக்கு அவரை வாரா வாரம் ஷிப்ட் மாத்தறீங்க?"

அவர் கையிலிருந்த தாளை நான் எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. தினமும் காலையில் ஒரே நேரம் என்று அவர் முதல் நாளே சொன்னார். என் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கு ஐயா ஒரே நேரம் இருந்தது? சின்ன வயசில் அப்பா எந்த ஷிப்டோ அதுதான் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம், தூங்குகிற நேரம். இப்போது என் ஷிப்ட். நேரம் என்றாலே வாரத்துக்கு ஒரு தடவை மாறுவது என்று என் மண்டையில் ஊறிப்போயிருக்கிறது. முப்பது வருஷம் உடம்பு கெட ஷிப்ட் மாறியவரை, வைத்தியம் என்ற பெயரில் மறுபடியும் ஷிப்டில் தள்ளியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே என்ன நல்ல சேதியோ என்று நினைத்திருப்பார்கள்.

அன்றோடு அப்பாவுக்கு ஜெனரல் ஷிப்ட். காலை ஏழரை மணி, மழை வந்தாலும் வெயில் வந்தாலும் ஏழரை. நான் காலை ஷிப்டில் இருந்தால் என் வீட்டுக்காரர் விளக்கைப் போடுவார். அவர் கிளம்பிவிட்டால் எதிர்வீட்டு அக்கா வந்து உட்காருவார். இரவு ஷிப்ட் முடித்து வந்தால் நான் யூனிஃபார்மோடு எதிரில் உட்காருவேன். அந்த நாட்களில் அப்பா என்னைப் பார்க்கிற பார்வையிலேயே ஒரு மரியாதை இருக்கும்.

நட்டு வாஷர் தீர்ந்துபோனதும் தெருவே பொருள் கொடுக்க ஆரம்பித்தது. துணிக் கிளிப், பாட்டில் மூடி, சட்டைப் பொத்தான். எதிர்வீட்டு அக்கா தன் ஸ்பூன்களைக் கொண்டுவந்து கொட்டினார், அதில் பாதி சிவப்பு வாளிக்குப் போய்விட்டது. அக்கா எடுக்கப் போனார். அப்பா விடவில்லை. சிவப்பில் விழுந்ததை யாரும் திருப்பி எடுக்கக் கூடாது, மானேஜரே வந்தாலும் கூடாது, அது கம்பெனி சட்டம். அக்கா சுட்ட முறுக்கும் ஒரு நாள் வந்தது. அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, சுற்று சரியில்லை என்று மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணினார். "நுவ்வே சுட்டுப் பாரு அண்ணா!" என்று அக்கா சண்டைக்கு நின்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அப்பா ராத்திரி தூங்கினார். சாயங்காலம் எழுந்து நடப்பார், கேட் வரை போவார், நிற்பார், திரும்பி வந்துவிடுவார். எல்லா நாளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சில நாள் சட்டையைத் தேடுவார். மறந்தது எதுவும் திரும்பி வரவில்லை, நான் மேடம்தான்.

தவணை முடிந்த சனிக்கிழமை, சரியாக ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணன் வந்து கேட் வாசலில் வண்டியை நிறுத்தினான். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான், எனக்குத் தெரியாதா? வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்தார். நீலச் சட்டையை மாட்டினார். இன் பண்ணினார். நேராகக் கேட்டுக்குப் போனார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், பாத்தியா என்று எழுதியிருந்தது. அவன் கை ஆணிப் பக்கம் போய்விட்டது.

அப்பா கேட்டைத் திறந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா லேட்டு?"

அண்ணன் ஆணிப் பக்கம் நீட்டிய கையை இறக்கினான்.

"காலையில இருந்து நான் ஒருத்தனே பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் முடிச்சு வெச்சிருக்கேன். சிவப்புல இருக்கறதைத் தொடாத. உக்காந்து தூங்கிடாத." சட்டையைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். "நான் வீட்டுக்குப் போறேன்."

திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "மேடம், ஒரு டீ," என்றார். அந்தத் தவிப்பு அவர் கண்ணில் இல்லை. இத்தனை நாள் ஓடி ஓடி யாரை ரிலீவ் பண்ணப் போனாரோ, அந்த ஆளே அன்றைக்கு இவர்தான். காலையில் வேலை பார்த்துவிட்டார், ரிலீவரும் வந்துவிட்டான், வீட்டுக்கு வந்துவிட்டார். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன். அண்ணன் நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

அன்று இரவு அவன் இங்கேயே தங்கினான். காலை ஏழரைக்கு விளக்கு போட்டேன். அப்பா வேலையை ஆரம்பித்தார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, ஆணியிலிருந்து எடுத்த பூட்டை மேஜையில் வைத்துவிட்டு இழுத்து இழுத்துப் பேசினான். "நேத்து ஒரு நாள் சரி பாப்பா. நாளைக்கு? எனக்குப் பயமா இருக்கு. எதுக்கும் இது இங்கயே இருக்கட்டுமே..."

அப்பாவின் கை பூட்டைத் தொட்டது. எடுத்தார். விளக்குக்குக் கீழே திருப்பினார். வளைவை இழுத்துப் பார்த்தார், சாவித் துவாரத்துக்குள் உற்றுப் பார்த்தார், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"இது நம்ம ஐட்டம் இல்லையே," என்றார். சிவப்பு வாளிக்குள் போட்டார். டங்கென்று விழுந்தது. "யாரு இதை இங்க வெச்சது?"

"நான்தான்பா," என்றான் அண்ணன்.

"புதுசா? பரவால்ல. புதுசுல எல்லாரும் பண்றதுதான். இனிமே பாத்து வெய்யி."

அண்ணன் மெதுவாகக் குனிந்து வாளிக்குள் கையை விட்டான். அப்பா அவன் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

"ரிஜெக்ட்ல கை வெக்காத!"

"சரிங்க சார்," என்றான் என் அண்ணன். நாற்பத்தைந்து வயசு ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா எங்களைக் கண்டுகொள்ளாமல் அடுத்த நட்டை எடுத்தார்.

அண்ணன் பூட்டில்லாமல்தான் ஊருக்குப் போனான். சாவி இன்னும் அவன் வண்டிச் சாவியோடு தொங்குகிறது.